கேள்விப் பக்கம்: ‘ரோஜா’ பாடல்களை இன்று முதல்முறை கேட்பவர்களுக்கு

ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த முதல் படமான ‘ரோஜா’வின் பாடல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். படம் வெளியானது 1992 ஆகஸ்ட் 15. இயக்கம் மணிரத்னம், தயாரிப்பு கே. பாலசந்தரின் கவிதாலயா, பாடல்கள் ஐந்தும் வைரமுத்து. இளையராஜாவா ரஹ்மானா, யார் பெரியவர் என்று சண்டை பிடித்து வந்த கடிதங்களைத் தனியே கட்டி வைத்திருக்கிறோம். அவை அங்கேயே இருக்கட்டும்.

எனக்கு 21 வயது. ‘ரோஜா’ பாட்டு வந்தபோது தூக்கிவாரிப் போட்டது என்று அப்பா இன்னும் சொல்கிறார். போனில் போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கிவாரிப் போடவில்லை. என் காதில் கோளாறா, அப்பா அளக்கிறாரா?
*கல்லூரி மாணவி, திருச்சி*

காதிலும் கோளாறில்லை, அப்பாவும் அளக்கவில்லை. அவர் அதைக் கேட்டது 1992 வரை வந்த பாட்டுகளின் வரிசையில். நீங்கள் கேட்பது, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் போட்ட முப்பது வருடத்துப் பாட்டுகளுக்குப் பின்னால். அன்றைய புதுமை இன்று பொது வழக்காகிவிட்டது. காதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் வித்தியாசம் தெரியும்.

அதற்குச் சுருக்கு வழி, மணிரத்னத்தின் முந்தைய படமான ‘தளபதி’. 1991 தீபாவளிக்கு வந்தது, இசை இளையராஜா. ‘ரோஜா’வுக்கும் அதற்கும் நடுவே ஒன்பது மாதம்தான். ஒளிப்பதிவுகூட இரண்டுக்கும் சந்தோஷ் சிவன்தான். இரண்டு மாலை ‘தளபதி’ பாட்டுகளை மட்டும் கேளுங்கள். ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’யில் வயலின்கள் கூட்டமாக எழுந்து வந்து அறையை அடைத்துக்கொள்ளும். ‘ராக்கம்மா கையத் தட்டு’வில் ஆட்டத்துக்கு நடுவே தேவாரம் நுழையும். பெரிய வாத்தியக் குழு ஒன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிறது என்பது கண்ணை மூடினாலே தெரியும். அந்த வகையில் அது உச்சம். மூன்றாம் நாள் எதையும் கேட்காதீர்கள். நான்காம் நாள் ‘சின்ன சின்ன ஆசை’யில் தொடங்குங்கள்.

மின்மினியின் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் பின்னால் கூட்டமில்லை. காலி இடம் இருக்கிறது, அந்தக் காலி இடத்தில் கீழ்ஸ்தாயியில் பாஸ் தனியாக நடை போடுகிறது. அதற்கு முன் தமிழ்ப் பாட்டில் பாஸ் கிட்டாரே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளையராஜா பாட்டுகளில் அது வாசித்திருக்கும் வாசிப்பைப் பற்றித் தனிப் புத்தகமே போடலாம். ஆனால் அங்கே அது பந்தியில் ஒருவராக உட்கார்ந்திருந்தது. இங்கே குரலுக்கு அடுத்த இலை அதற்குத்தான். ‘ரோஜா’வின் புதுமை மெட்டில் எவ்வளவோ, எந்த ஒலி எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்பதிலும் அவ்வளவு இருக்கிறது. உங்கள் போன் ஸ்பீக்கர் முழுங்கிவிட்டது சரியாக இந்த இரண்டைத்தான். அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை எதையும் தேடாதீர்கள். இரண்டாம் முறை வார்த்தையை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். அது எங்கே வாசிக்காமல் சும்மா இருக்கிறது என்பதுதான் முக்கியம். மூன்றாம் முறை ஒலிகள் அடங்கும் விதத்தைக் கேளுங்கள். இதற்குத் தோதான பாட்டு உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய ‘புது வெள்ளை மழை’. அதில் தாளம் அடர்த்தியாக இல்லை. அடி விழுந்தபின் அதன் முழக்கம் கரைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். பனிவெளியைப் படம் காட்டுவதற்கு முன்பே அந்த முழக்கம் காட்டிவிடும்.

‘காதல் ரோஜாவே’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் மூச்சு வாங்கும் இடங்களைக் கவனியுங்கள். எட்டுக்கட்டையில் போகக்கூடிய தொண்டை, இங்கே ஒதுங்கி நின்று பாடுகிறது. ‘தமிழா தமிழா’வுக்கு மெனக்கெட வேண்டியதில்லை, அது தானாகவே வந்து தோளைத் தட்டும். ஹரிஹரன் தமிழுக்கு வந்தது அந்தப் பாட்டோடுதான். ‘ருக்குமணி ருக்குமணி’யைக் கடைசிக்கு வையுங்கள். ஐந்தில் பழைய வாசனை அதிகம் உள்ளது அதுதான். முதலில் கேட்டால் ‘இதில் என்ன புதுசு’ என்று தோன்றிவிடும்.

இன்னொன்று, வீடியோ பார்க்காதீர்கள். அந்தக் காலத்தில் கேசட் படத்துக்கு முன்பே கடைக்கு வரும். பாட்டுக்குப் படம் தெரியாமல் கேட்டதும் அப்பாவின் தூக்கிவாரிப் போடலில் ஒரு பங்கு.

நல்ல சவுண்ட் சிஸ்டம் இல்லாமல் இந்தப் பாட்டுகளைக் கேட்கவே கூடாது என்கிறான் நண்பன். ஆயிரக்கணக்கில் செலவழிக்கத்தான் வேண்டுமா?
*தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்*

வேண்டாம். ஆனால் போன் ஸ்பீக்கர் உதவாது. நாலு கம்பி பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிரும். போனில் இருக்கும் சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஊமை. மேல் அலைகளை வைத்து மூளை பாஸை ஊகித்துக்கொள்ளும், அதனால் மெட்டு புரியும், கனம் வராது.

காதுக்குள் செருகும் சாதாரண வயர் இயர்போன் போதும், ரப்பர் நுனி மட்டும் காதுக்கு அளவாக இருக்க வேண்டும். பெட்டியில் மூன்று அளவு நுனி தருவார்கள், நம்மில் பலர் மாட்டியிருப்பதோடு விட்டுவிடுகிறோம். செருகியபின் ஃபேன் சத்தம் சட்டென்று குறைந்தால் அளவு சரி. குறையவில்லை என்றால் காற்று ஒழுகுகிறது, காற்றோடு பாஸும் ஒழுகிவிடும். ‘இதில் பாஸே இல்லை’ என்று தூக்கிப் போடப்பட்ட இயர்போன்களில் பாதி இந்தக் குற்றத்துக்காகத்தான் தண்டிக்கப்பட்டிருக்கும்.

பிறகு போனின் அமைப்புகளுக்குள் போய் பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர், ‘சரவுண்ட்’ எல்லாவற்றையும் அணையுங்கள். காது கேளாதோர் வசதிக்கான பக்கத்தில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். தெரியாமல் விரல் பட்டு அது ஓடிக்கொண்டிருந்தால் இடமும் வலமும் ஒன்றாகி, விரிவு முழுக்கப் போய்விடும். பாட்டுச் செயலியில் டேட்டா சேமிப்பு ஓடினால் தரத்தை அதுவே குறைத்துவிடும். ஜால்ரா, சிம்பல் போன்ற மேல் ஒலிகள் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டால் காரணம் அதுதான்.

ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள் என்றால் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள், மூன்றும் சம முக்கோணம். ஸ்பீக்கர் வாய் காது மட்டத்துக்கு இருக்கட்டும். அறை மூலையில் வைத்தால் பாஸ் ஊதிப்போய் ‘டம் டம்’ என்று ஒரே சுரத்தில் முட்டும், சுவரை விட்டு ஒரு முழம் நகர்த்தினால் தெளியும். சத்தம் மிகக் குறைவாகவும் வேண்டாம். ஒலி குறையக் குறைய நம் காது முதலில் கைவிடுவது தாழ்ந்த ஒலிகளைத்தான். பக்கத்தில் இருப்பவரிடம் பேச லேசாகக் குரல் உயர்த்த வேண்டிய அளவு சரி. ஐந்து பாட்டும் ஓடும் அந்த 25 நிமிடம் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

‘ரோஜா’ முழுக்க கம்ப்யூட்டரில் செய்த இசை, வாத்தியக்காரர்கள் பிழைப்பைக் கெடுத்தது என்கிறார் எங்கள் ஊர் பேண்டு மாஸ்டர். அப்படியா?
*சேலம்*

பாதி. சுரங்களை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் தானாக வாசிக்கும் சீக்வென்ஸர் கருவியைத் தமிழுக்குக் கொண்டுவந்தது ‘ரோஜா’ இல்லை. 1986இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்களிலேயே இளையராஜா மின்னணு இசையை எடுத்து ஆண்டிருக்கிறார். மாறியது வேலை நடந்த விதம். பெரிய கூடத்தில் அனைவரும் சேர்ந்து வாசித்து ஒரே கால்ஷீட்டில் முடிப்பதற்குப் பதிலாக, கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த தன் சிறிய பஞ்சதன் ஸ்டூடியோவில் ஒவ்வோர் ஒலியாகத் தனித்தனி டிராக்கில் பதிந்து அடுக்கினார் ரஹ்மான். அடுக்கியதைக் கலைக்கலாம், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கேட்டுப் பார்க்கலாம், நள்ளிரவில்கூட மாற்றலாம். கூடத்தில் மணிக்கணக்கு ஓடும்போது இதற்கெல்லாம் பொழுது இருக்காது. முதல் பதிலில் சொன்ன காலி இடம் இப்படி எடுத்து எடுத்துப் பார்த்ததில் கிடைப்பது. வாத்தியக்காரர்களுக்கு வேலை குறைந்தது பிற்காலத்தில் நிஜமாகவே நடந்தது. அந்த வருத்தத்தில் பேண்டு மாஸ்டர் சொல்வதில் நியாயம் உண்டு.

பரண் சுத்தம் செய்தபோது ‘ரோஜா’ ஒரிஜினல் கேசட் கிடைத்தது. டேப் ரெக்கார்டரும் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா? நாடா சிக்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
*இல்லத்தரசி, வேலூர்*

பயம் நியாயம். முதலில் அந்தக் கேசட்டைப் போடாதீர்கள். போனாலும் பரவாயில்லை என்கிற கேசட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு அதுதான்.

டேப் ரெக்கார்டரில் இத்தனை வருடத்தில் செத்திருப்பது ரப்பர் பாகங்கள். உள்ளே மோட்டாரையும் சக்கரங்களையும் இணைக்கும் பெல்ட் இளகித் தார் மாதிரி ஒட்டிக்கிடக்கும், அல்லது நீண்டு தொங்கும். பிளே அழுத்தினால் மோட்டார் உறுமும், சக்கரம் சுற்றாது. பழைய பெல்ட்டின் நீளத்தைச் சொன்னால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அடுத்தது நாடாவை அழுத்தி இழுக்கும் கறுப்பு ரப்பர் உருளை. அது காய்ந்து கண்ணாடிபோல வழவழத்திருந்தால் பிடிமானம் போய் நாடா வழுக்கி உருளையைச் சுற்றிக்கொள்ளும். ‘கேசட்டைத் தின்றுவிட்டது’ என்போமே, பெரும்பாலும் அந்த உருளையின் வேலைதான். அதை லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும் அதன் பக்கத்தில் நிற்கும் மெல்லிய எஃகுக் கம்பியையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வரும், அது பழைய நாடாக்களின் துரு. பஞ்சு வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். அதே ஆல்கஹாலை ரப்பரில் அடிக்கடி தேய்த்தால் ரப்பர் வெடிக்கும்.

இனி கேசட். ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் இருந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் தூள் ஹெட்டில் ஏறி, அடுத்து போடும் கேசட்டுக்கும் போகும். அடுத்து, திறந்திருக்கும் கீழ் விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய செம்புத் தகட்டில் ஒரு சிறு கம்பளித் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிப்பது அதுதான். இத்தனை வருடத்தில் பசை காய்ந்து அது விழுந்திருக்க நிறைய வாய்ப்பு. விழுந்தால் பாட்டு கேட்கும், ஆனால் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல மங்கி, ஏறி இறங்கும்.

கம்பளி விழுந்திருந்தால் கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை மாற்றுவது நல்லது. உங்கள் கேசட் ஐந்து திருகு வைத்ததா, ஒட்டியதா என்று பாருங்கள். திருகு என்றால் வேலை சுலபம். திருகுகள் மேலே தெரியும்படி மேசையில் படுக்கவைத்து, ஐந்தையும் கழற்றி, மேல் மூடியை நேராகத் தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் சுருள் பொலபொலவென்று சரிந்துவிடும், பிறகு அன்றைய பொழுது அதற்கே போய்விடும். சுருள்கள் இரண்டையும் மேலும் கீழும் இருக்கும் வழுவழுத் தாளோடு சேர்த்துப் பிடித்து, திருகு வைத்த வேறொரு வெற்றுக் கேசட்டின் கூட்டுக்குள் அதே பக்கம் பார்த்து வையுங்கள். மூலை உருளைகள் இரண்டின் மீதும் நாடா வெளிப்புறமாகச் சுற்றிப் போகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். ஒட்டிய கூடு என்றால் விளிம்பில் பிளேடு விட்டு நெம்ப வேண்டும், கூடு உடையும். நாடா தப்பித்தால் போதும்.

நாடா அறுந்திருந்தால் அநேகமாக அது தொடக்கத்தில், நிறமற்ற முன்நாடாவும் காந்த நாடாவும் சேரும் இடத்தில் இருக்கும். அதை ஒட்டச் சாதாரண செலோடேப் வேண்டவே வேண்டாம். சில மாதத்தில் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். கேசட் நாடா 3.8 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்துக்கான ஒட்டு நாடா தனியாக உண்டு. காந்தப் பூச்சு இல்லாத முதுகுப் பக்கம்தான் ஒட்ட வேண்டும்.

எல்லாம் ஆனபின், ஆறுபட்டைப் பென்சிலைத் துளையில் விட்டுச் சில சுற்று கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக நாலு தட்டுத் தட்டுங்கள், ஒட்டிய சுற்றுகள் விடுபடும். பிறகு ஒருமுறை கடைசிவரை முன்னோட்டி, முழுக்கத் திருப்பி ஓட்டி, அதன்பிறகு பிளே.

கேட்டால் கூர்மை போதவில்லையா? ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சிறு திருகு தெரியும். பாட்டு ஓடும்போதே கடிகாரத் திருப்புளியால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். ட்ரெபிளை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டால் கண்டுபிடிப்பது எளிது. ஓரிடத்தில் மேல் ஒலிகள் சட்டென்று விழித்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் மறுபடி மங்கும். விழித்த இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போக வேண்டி வராது. தொடங்கிய நிலையைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டால், தப்பானால் திரும்பி வரலாம்.

எங்கள் கேசட்டில் ‘சின்ன சின்ன ஆசை’ கேட்கும்போது மின்மினியின் குரல் கொஞ்சம் தடித்துக் கேட்கிறது. செயலியில் அப்படி இல்லை. எது சரி?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

குரல் தடித்தால் நாடா மெதுவாக ஓடுகிறது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். வேகம் 6 சதவீதம் குறைந்தால் ஓர் அரைச்சுரம் இறங்கும். 3 சதவீதமே போதும், பழக்கப்பட்ட காது கண்டுகொள்ளும்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம், போனின் நிறுத்துக் கடிகாரம் போதும். செயலியில் 300 நொடி ஓடும் பாட்டு உங்கள் டேப்பில் 309 நொடி எடுத்தால் 3 சதவீதம் மெது. முதலில் பெல்ட்டைப் பாருங்கள், நீண்ட பெல்ட் வழுக்கும். புது பெல்ட் போட்டும் மாறவில்லையென்றால் மோட்டாரின் பின்புறம் ஒரு சிறு ஓட்டை இருக்கும். உள்ளே திருகும் புள்ளி ஒன்று. டேப் ரெக்கார்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடானபின் அதைத் துளித்துளியாகத் திருப்புங்கள். மின்கலத்தில் ஓடும் கருவியென்றால் திருப்புளியை எடுக்கும்முன் புது செல் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. உங்களுடையது கம்பெனிக் கேசட்டா, அல்லது தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துப் பதிந்ததா? சென்டர் கேசட் என்றால் பதிந்த இயந்திரத்தின் வேகக் கோளாறு நாடாவிலேயே ஏறியிருக்கும். உங்கள் டெக்கை, அதாவது டேப் ரெக்கார்டரை, திருத்தப்போய் மற்ற கேசட்டுகளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று வேறு கேசட் போட்டுப் பார்த்து, எல்லாமே மெதுவாக இருந்தால் மட்டும் மோட்டாரில் கை வையுங்கள்.

90களிலை எங்கடை ஊரிலை கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் அப்ப வந்த புதுப் பாட்டெல்லாம் கேட்டனாங்கள். ஆனா தாளம் அடிக்கேக்கை பாட்டு ஒருக்கா இழுபட்டு வரும். மிதிக்கிற வேகம் மாறாட்டிலும் அப்பிடித்தான். ஏன்?
*யாழ்ப்பாணம்*

மிகக் கூர்மையான கவனிப்பு. உருளை உரசிச் சுற்றும் சாதாரண டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதாவது அரை ஆம்பியர்தான் அதன் கையிருப்பு. மிதிப்பது குறைந்தால் வோல்ட் இறங்கிப் பாட்டு இழுபடுவது எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொல்வது வேறு. பாஸும் முரசும் அடிக்கும் ஒவ்வொரு கணமும் கருவியின் ஆம்ப்ளிஃபயர் சட்டென்று அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும். டைனமோவால் அந்தக் கணத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, வோல்ட் தாழும். அதே வோல்ட்டில்தான் நாடா மோட்டாரும் ஓடுகிறது. மோட்டாருக்குள் வேகக் காவல் உண்டு, ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் அதுவும் கைவிரிக்கும். ஆக, தாளம் விழும்போதெல்லாம் குரல் சறுக்கும். ‘ரோஜா’ மாதிரி அடிநாதம் கனத்த பாட்டுகளில் இது கூடுதலாகவே தெரியும். பழைய மெல்லிசையில் தெரியாது.

இன்று யாராவது பிள்ளைகளுக்குச் செய்து காட்ட விரும்பினால்: டைனமோ தருவது மாறுமின்னோட்டம், நேரே கொடுத்தால் கருவி போய்விடும். 1என்4007 டயோடு நாலு வைத்து, அதை நேர்மின்னோட்டமாக்கும் பாலம் கட்டுங்கள், அதில் சுமார் 1.4 வோல்ட் இழப்பு. அதன்பின் 2,200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி இரண்டை இணையாகப் போடுங்கள். தாளம் கேட்கும் திடீர் மின்னோட்டத்தை இவைதான் ஓரளவு தாங்கும். சுமையில்லாமல் வேகமாகச் சுற்றினால் வோல்ட் 6ஐத் தாண்டி எகிறும், அதனால் டைனமோவின் குறுக்கே சிறு பல்பு ஒன்று எப்போதும் எரியட்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் சுற்றுவது மிதிப்பதைவிடச் சீராக வரும். சத்தத்தைப் பாதிக்கு இறக்கினாலே இழுவை பெருமளவு போய்விடும்.

இந்தி ‘ரோஜா’வும் தமிழ் ‘ரோஜா’வும் ஒரே இசைதானா? கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது.
*மும்பை*

இசைத் தடம் பெரும்பாலும் ஒன்றேதான், குரல் மாறியிருக்கிறது. குரல் தனி டிராக்கில் இருந்ததால் அதை எடுத்துவிட்டு வேறு குரல் வைக்க முடிந்தது. ‘புது வெள்ளை மழை’ தமிழில் உன்னி மேனன், சுஜாதா, இந்தியில் எஸ்.பி.பி., சித்ரா. ‘ருக்குமணி’ தமிழில் எஸ்.பி.பி., சித்ரா, இந்தியில் பாபா சேகல், ஸ்வேதா ஷெட்டி. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரே வீட்டில் குடித்தனக்காரர் மாறியதுபோல இருக்கும். எங்கள் ஓட்டு தமிழ் ‘புது வெள்ளை மழை’க்கு. உன்னி மேனன் குரலின் மெலிவு அந்தப் பெரிய முழக்கத்துக்குள் அழகாக அடங்குகிறது. ‘சின்ன சின்ன ஆசை’யை இரண்டு மொழியிலும் மின்மினியே பாடியிருக்கிறார். மெட்டுக்கு வார்த்தை எப்படி உட்காருகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சோடி கிடையாது. தமிழில் வரிகள் ‘ஆசை’ என்ற ஒரே சொல்லில் வந்து வந்து இறங்கும். அந்தப் பாட்டுக்காக வைரமுத்துவுக்கும், படத்தின் இசைக்காக ரஹ்மானுக்கும் தேசிய விருது கிடைத்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். முயன்றதில் ஒரு பக்க ஸ்பீக்கர் ஒலிதான் பதிவானது, பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வேறு.
*புதுச்சேரி*

இரண்டுக்கும் மருந்து சுலபம். மடிக்கணினியில் இப்போது இருக்கும் ஒற்றைத் துளை மைக்கும் ஹெட்போனும் சேர்ந்தது. அதன் உள்வாங்கும் பாதை மைக்குக்கானது, ஒரே சேனல்தான். ஸ்டீரியோ லைன்-இன், அதாவது இரண்டு சேனல் ஒலியையும் உள்வாங்கும் துளை, உள்ள யுஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள். டெக்கில் ஒலியை வெளியே தரும் லைன்-அவுட் துளை இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்து, சத்தத்தைப் பாதியில் வைத்து. முனகல் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். பதிவுத் தரத்தை அதில் 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். மிக உரத்த இடத்தில் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டி உடைந்த ஒலியை எந்த மந்திரத்தாலும் ஒட்டவைக்க முடியாது. ஒரு பக்கத்தை நடுவில் நிறுத்தாமல் முழுக்கப் பதிந்து, சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். அரை மணிக்குச் சுமார் 475 எம்பி ஆகும். வெட்டுவது, துடைப்பது எல்லாம் நகலில் மட்டும்.

‘உஸ்’ இரைச்சலை நீக்கும் வசதியைக் கண்டதும் கை பரபரக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று நொடியை மாதிரியாகக் காட்டி, 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20 என்று இழுத்தால் குரல் குமிழி விடும். ‘புது வெள்ளை மழை’யின் முழக்க வால்கள் இரைச்சலோடு இரைச்சலாகத் துடைத்துப் போய்விடும். அந்தப் பாட்டில் கேட்க வேண்டியதே அதுதான்.

பதிவதற்கு முன் ஒரு வேலை. உங்களுடையது ரெக்கார்டிங் சென்டர் கேசட் என்றால், அதன் மேல் விளிம்பில் இரு மூலையிலும் சிறு பிளாஸ்டிக் தாவல் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனிக் கேசட்டில் அந்த இடம் ஓட்டையாகவே வரும். உங்களுடையதில் இருந்தால் திருப்புளியால் இரண்டையும் நெம்பி எடுத்துவிடுங்கள். டெக்கில் தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும், அது கீழே இறங்காது.